பூட்டு இடது கையால் ஆடிய ஞாயிறு

பிப்ரவரி 11

என் தம்பி பூட்டுக்கு, அண்ணன் வாயால சொல்லி உன் வீட்டுக்காரி கையால எழுதுற லெட்டர். இங்க நான், உன் அண்ணி, இவ, மூணு பேரும் நல்லா இருக்கோம். அண்ணிக்கு முழங்கால் வலி இருக்கு. அது எப்பவும் இருக்கிறதுதான், ஒரு நாள் இல்லேன்னாத்தான் நாங்க பயப்படணும். நீ பத்திரமா போய்ச் சேர்ந்தியா? கிளப்பு ரூம்ல உன் கட்டில் உனக்கே கிடைச்சுதா, இல்ல வேற எவனாவது புடிச்சுக்கிட்டானா?

சொல்ல வந்தது வேற. அதுக்கு முன்னால ஒண்ணு. டிப்போவுல புது மேனேஜர் வந்திருக்கார். பஸ்ஸுக்கு டயர் மாத்தும்போது பேசக்கூடாதாம். "பேசாம கழட்டுனா எந்த நட்டு எங்க வெச்சேன்னு மறந்துடும் சார்"னேன். முறைச்சுட்டுப் போயிட்டார். இதை ஏன் சொல்றேன்னா, பகல்ல பேச முடியாதது எல்லாம் சாயங்காலம் லெட்டர்ல வந்து விழுது. இவளும் பாவம், எழுதுறா. அண்ணி அங்கேர்ந்து கத்துறா: "விஷயத்துக்கு வாங்க, அந்தப் பொண்ணு கை ஒடிஞ்சிடும்." இதையும் எழுதும்மா.

ஞாயிற்றுக்கிழமை மேட்சைப் பத்தித்தான். மறுநாள் விடியறதுக்குள்ள நீ கிளம்பிட்ட, பேச முடியல. சம்பளத்துக்கு ஃபுட்பால்ல கோல் காத்து, பந்து உள்ள போகாம பூட்டுற பூட்டுன்னு பேர் எடுத்த ஆளு, லீவுல வந்து நம்ம பசங்களோட சும்மா ஆசைக்குக் கிரிக்கெட் ஆடுறதே நமக்கு ஒரு கௌரவம். கிளப்புக்குத் தெரிஞ்சா உன்னைத் தொலைச்சுடுவாங்கன்னு, ஸ்கோர்ல உன் பேருக்குப் பதிலா வாட்ச்மேன்னு எழுதுறோம். எழுதி என்ன, ஊரே பூட்டு, பூட்டுன்னு கத்துது.

மில்லுக்காரங்க டீம்ல சம்மட்டி பந்து போடுறான். போன வருஷம் ஒருத்தன் தாடையைப் பேத்தவன். நான் அம்பயர். நீ உள்ள வந்தே. சின்ன வயசுலேர்ந்து வலது கைக்காரன் நீ. மட்டையை மாத்திப் புடிச்சு, இடது கைக்காரன் மாதிரி திரும்பி நின்னே. ஓடி வந்த சம்மட்டி பாதியில நின்னுட்டான். "என்ன அம்பயர், உங்க தம்பி முகம் பாக்குற கண்ணாடிக்குள்ளேர்ந்து இறங்கி வந்துட்டாரா?"ன்னான். ஃபீல்டருங்க எல்லாம் அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் ஓடினாங்க. மூணாவது பந்துல உன் ஸ்டம்பு பறந்துச்சு. அன்னிலேர்ந்து ஊர்ல எவன் எதைத் தப்பா பண்ணாலும் "பூட்டு மாதிரி பண்ணாதடா"ங்கிறாங்க.

நான் மட்டும் சிரிக்கல. அம்பயர் நிக்கிற இடத்துலேர்ந்து ஆடுறவன் முகம் நேரா தெரியும். உன் முகத்தைப் பாத்தேன். நீ ஏன் அப்படி நின்னேன்னு எழுது.

வேளைக்குச் சாப்பிடு. உன் பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கேன்.

உன் அண்ணன்.


பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இங்கே சுகம். அண்ணியின் முழங்காலும் உன் நாக்கும் வழக்கம்போல இருப்பதாக அறிந்து மகிழ்ச்சி. கட்டில் கிடைத்துவிட்டது. ஜன்னல் பக்கம். வெயில் நேராக முகத்தில் விழுகிறது, அதனால் எல்லாருக்கும் முன்னால் எழுந்துவிடுகிறேன், பயிற்சியாளர் என்னை ரொம்ப ஒழுங்கானவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இங்கே மழை நின்று மைதானம் காய்ந்துவிட்டது. விழுந்தால் தோல் உரிகிறது. போன வாரம் ஒரு கோல்கூட விடவில்லை.

கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். தோளில் சின்னப் பிடிப்பு இருந்தது, அதனால்தான் மாற்றி நின்று பார்த்தேன். வேறொன்றுமில்லை. சம்மட்டியிடம் சொல், அடுத்த வருடம் அவன் பந்து மில் கூரைக்குப் போகும்.

உன் கடிதத்தை எழுதுகிறவளுக்கும் இதை வாசிக்கிறவளுக்கும் என் அன்பு. அவள் தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் தம்பி.


மார்ச் 10

தம்பிக்கு அண்ணன் சொல்றது. உன் லெட்டர் வந்துச்சு, இவ ரெண்டு தடவை படிச்சுக் காட்டினா. இங்க எல்லாரும் சுகம். அங்க நீ சுகம்னு எழுதியிருக்க. அப்படியே இருக்கட்டும்.

தோள் பிடிப்புன்னு எழுதியிருக்க. சரி. நான் ஒண்ணும் கேக்கல. வேற கதை சொல்றேன்.

உனக்கு வாத்தைத் தெரியும்ல? நடை அப்படி. ஆனா பந்தோட ஓடினா எவனும் புடிக்க முடியாது. நம்ம பக்கத்துலேர்ந்து முதல்ல சம்பளத்துக்கு ஃபுட்பால் ஆடப் போனவன் அவன்தான். அவனும் உன்னை மாதிரி திருட்டுத்தனமா ஞாயித்துக்கிழமை கிரிக்கெட் ஆட வருவான். ஒரு நாள் அவங்க கிளப்பு பயிற்சியாளர் யார் வீட்டுக்கோ வந்தவர், கையில குடையோட நம்ம மைதானத்து ஓரத்துல வந்து உக்காந்துட்டார். வாத்து அப்ப மட்டை புடிச்சிருக்கான். பந்தைத் தட்டிட்டு ஒரு ரன்னுக்கு ஓடினான். என் ஸ்டம்பைத் தாண்டினான். நிக்கல. கோட்டைத் தாண்டினான், வேலியைத் தாண்டினான், மட்டையோட வீட்டுக்கே போயிட்டான். எதிர் டீம் என்கிட்ட வந்து "அம்பயர், இது என்ன அவுட்டு?"ங்கிறான். "தொலைஞ்சு போனார்னு எழுதுங்கப்பா"ன்னேன். இவ சிரிக்கிறா, எழுத்து கோணுது, மன்னிச்சுக்கோ.

வாத்துக்கு அப்புறம் போனவன் பஞ்சு. அவனை உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்ப சின்னப்பய. நல்ல வெள்ளை, நல்ல உசரம், சாது. ஃபுட்பால்ல பின்னால நின்னு தடுக்குறவன். ஒரு மேட்சுல ஒருத்தன் தலையும் இவன் தலையும் முட்டிக்கிச்சு. எழுந்து ஆடிட்டான். அப்புறம் தலை எப்பவும் பாரமா இருந்திருக்கு. சொன்னா வெளிய உக்கார வெச்சுடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. பெத்தவகிட்டகூடச் சொல்லல. ஞாயித்துக்கிழமை வந்தான், நம்ம டீமுக்கு ஆடினான். மட்டைக்குக் கிட்டக்க நின்னான். பந்து மெதுவா, பூ மாதிரி மேல எழும்பி அவன்கிட்டயே வந்துச்சு. கையைத் தூக்கினா போதும். அவன் தூக்கல. வேற எங்கயோ பாத்து லேசா சிரிச்சுக்கிட்டு நின்னான். பந்து நெஞ்சுல பட்டுக் கீழ விழுந்துச்சு. நாங்க எல்லாம் திட்டினோம். நானும் திட்டினேன். அவன் அப்படியே உக்காந்தான். "தண்ணி குடுங்கடா"ன்னான். தண்ணி எடுத்துட்டு நான்தான் ஓடினேன். வர்றதுக்குள்ள

(இந்த இடத்தில் மாமா எழுந்து வெளியே போய்விட்டார். ரொம்ப நேரம் காத்திருந்தேன். அக்கா போய்க் கேட்டதற்கு, "இவ்வளவு போதும், கவர்ல போட்டு ஒட்டச் சொல்லு" என்றாராம். நான் நலம். நீங்கள் நலமா? தோளுக்கு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.)


மார்ச் 16

தம்பி

நான்தான் எழுதறன் டிப்போவுல இருந்து

உனக்கு இடது கண்ணு தெரியலயா

நெசம் சொல்லு

அவளுக்கு தெரியாது டிப்போ விலாசத்துக்கு போடு

பயமா இருக்கு

அண்ணன்


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நீ எழுத்துக் கூட்டிப் படிக்க வசதியாகப் பெரிதாக எழுதியிருக்கிறேன். உன் கையெழுத்தை என் வாழ்க்கையில் முதல்முறை பார்க்கிறேன். பார்த்தவுடன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆமாம். போய்விட்டது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் பயிற்சியில், விழுந்து பந்தைப் பிடிக்கும்போது ஒருவனுடைய பூட்ஸ் முனை கண்ணில் இறங்கியது. வீக்கம் வடிந்தது, சிவப்பு போனது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே முதலில் ஓரத்தில் ஒரு நிழல், அப்புறம் எல்லாமே நிழல். தெரியாத ஊரில் ஒரு கண் டாக்டரிடம் வேறு பேர் சொல்லிப் போய்க் காட்டினேன். "இது இனி வராது. இன்னொண்ணுல அடி பட்டா என்கிட்ட வராதே, ஒரு கைத்தடி வாங்கிக்க" என்றார்.

கிளப் டாக்டர் வருடா வருடம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்வார். இந்தத் தடவை முதலில் இடது கையால் இடது கண்ணை மூடினேன். "இப்ப அடுத்தது" என்றார். வலது கையால் மறுபடி அதே இடது கண்ணை மூடினேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். "பிரமாதம்" என்றார்.

நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று மைதானத்தில் இறங்கும்போதே தெரியும். வலது கையால் ஆடுகிறவனுக்கு முன்னால் இருப்பது இடது கண். அப்படி நின்றால் சம்மட்டி ஓடி வருவதே எனக்கு மூக்குக்கு அந்தப் பக்கம். அதனால்தான் திரும்பி நின்றேன். மூன்று பந்தையும் பார்த்தேன் அண்ணா. கைதான் பழக்கமில்லை. பார்த்து அவுட் ஆனதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

கோல் காக்கும்போது எப்படி என்று கேட்பாய். எனக்கு இடது பக்கம் ஆடுகிறவன் மொட்டை. பக்கத்துக் கட்டில். அவனுக்கு மட்டும் தெரியும். என் இடது பக்கம் எதையும் வர விடமாட்டான். மீறி வந்தால் "கீழ", "மேல", "விடு" என்று கத்துவான். நான் அந்தச் சத்தத்துக்கு விழுவேன். ஜனங்கள் என் பேரைச் சொல்லிக் கத்துவார்கள். கம்பத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வேன், இல்லாவிட்டால் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரியாது.

விட்டுவிட்டு வா என்று சொல்வாய். வந்து? இரண்டு கம்பத்துக்கு நடுவில் நிற்பதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? ஜூன் கடைசியில் இந்த வருட ஆட்டம் முடிகிறது. அன்றைக்கு நன்றாக ஆடினால் அடுத்த இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அதற்கப்புறம் பார்க்கலாம்.

அவளிடம் சொல்லாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி.


ஏப்ரல் 19

தம்பிக்கு அண்ணன். நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீ எப்படி இருக்க? நிஜமா எப்படி இருக்க?

எழுத ஒண்ணும் இல்ல. வெயில் ஜாஸ்தி. ரோட்டுல ஒரு பஸ்ஸுக்கு டயர் வெடிச்சு, நான் போய் மாத்தினேன். வெடிச்ச டயரைப் பாத்தா ஒரு ஓரத்துல சின்ன வெட்டு, பழைய வெட்டு. டிரைவர்கிட்ட "முன்னாடியே தெரியுமா?"ன்னேன். "தெரியும் அண்ணே, ஆனா ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு"ங்கிறான். பஸ்ஸுல நாப்பது பேர் உக்காந்திருக்காங்க. எனக்கு வந்த ஆத்திரத்துல ஸ்பேனரைத் தூக்கி எறிஞ்சுட்டேன். அது மேனேஜர் சாப்பாட்டு டப்பாவுல போய் விழுந்துச்சு. அது தனிக் கதை.

அப்புறம் உன் பக்கத்துக் கட்டில் மொட்டை எப்படி இருக்கான்? அவன் உடம்பு நல்லா இருக்கா? ஜலதோஷம் கிலதோஷம் இல்லையே? தொண்டை நல்லா இருக்கா? அவனை வெந்நீர் குடிக்கச் சொல்லு. கீழ கீழ விழாம பாத்து நடக்கச் சொல்லு. அவனை நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு.

கிளப்புக்கு நானே வந்து ஒரு வார்த்தை பேசட்டுமான்னு நினைக்கிறேன். வேண்டாம்னா வரல. ஆனா நினைக்கிறேன்.

உன் அண்ணன்.

(யார் இந்த மொட்டை? உங்களைக்கூட மாமா இவ்வளவு விசாரித்ததில்லை. இன்னொன்று. இரண்டு நாளாக வீட்டுக்குள் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நடக்கிறார். கேட்டால் தூசி என்கிறார். நேற்று டிப்போவில் பஸ் கண்ணாடியில் இடித்துக்கொண்டு நெற்றி புடைத்து வந்தார். அக்கா திட்டித் தீர்க்கிறார். டாக்டரிடம் போகச் சொல்லி நீங்கள் எழுதினால் கேட்பார்.)


ஜூன் 2

தம்பிக்கு. இங்க சுகம். நடுவுல ரெண்டு லெட்டர் போட்டேன், பதில் இல்ல. போஸ்ட்மேன் நம்ம தெருவுல திரும்புறதுக்கு முன்னாடியே நான் போய் அவன் சைக்கிளை நிறுத்துறேன். "அண்ணே, இருந்தா குடுக்க மாட்டேனா"ங்கிறான். இப்பல்லாம் என்னைப் பாத்தாலே வேற தெரு வழியா போறான்.

பேப்பர்ல உங்க கிளப்பு பேர் வந்தா டீக்கடையில ஆளுங்களைப் படிக்கச் சொல்லிக் கேக்குறேன். யார் யார் கோல் போட்டாங்கன்னுதான் போடுறான். கோல் காத்தவன் வீடு போய்ச் சேந்தானான்னு ஒருத்தனும் போட மாட்டேங்கிறான்.

தூங்கினா பஞ்சு வந்து நிக்கிறான். கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு. நான் "தூக்குடா, தூக்குடா"ன்னு கத்துறேன். அண்ணி எழுப்பி விடுறா. இதை எழுதாதேம்மா. சரி, எழுதிட்டா. இருக்கட்டும்.

ஒரு வரி எழுதிப் போடு. நல்லா இருக்கேன்னு மட்டுமாவது.


ஜூன் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். தொடர்ந்து வெளியூர் ஆட்டங்கள்.

நீ விசாரித்தவன் கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான். குணமாக நாளாகும். அவன் இடத்துக்குப் புது ஆள் வந்திருக்கிறான். நல்லவன். அதிகம் பேசமாட்டான்.

கடைசி ஆட்டம் இந்த மாதம் இருபத்தேழாம் தேதி. கவலைப்பட ஒன்றுமில்லை. எல்லாருக்கும் என் அன்பு.

தம்பி.


ஜூன் 18

அன்புள்ள உங்களுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தை யாரும் சொல்லி நான் எழுதவில்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "கால் எலும்பு முறிந்து" என்ற இடத்தில் மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "புது ஆள் அதிகம் பேச மாட்டானா? நல்லாப் படிச்சியா? பேச மாட்டான்னா எழுதியிருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். யாரோ ஒருவன் பேசாவிட்டால் இவருக்கு என்ன என்று எனக்குப் புரியவில்லை.

அன்று சாயங்காலம் மறுபடி இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். நான் இடது பக்கமாகப் போய் டீயை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். டம்ளர் என் கையிலேயே இருந்தது. அப்போதுதான், லீவில் நீங்கள் வந்திருந்தபோது நான் இதேபோல டம்ளரும் கையுமாக எத்தனை தடவை நின்றேன் என்பது ஞாபகம் வந்தது.

அந்த லீவு முழுக்க நீங்கள் என்மேல் கோபமாக இருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். நான் சிரித்தால் நீங்கள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் திடுக்கிட்டீர்கள். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் நான் உங்கள் இடது பக்கம். நீங்கள் போன பிறகு, என்ன தப்பு செய்தேன் என்று யோசித்து யோசித்து இளைத்துவிட்டேன். அக்காவிடம்கூடக் கேட்டேன். "ஆம்பளைங்க அப்படித்தான்டி" என்றார்.

மாமாவிடம் போய், "அவருக்கு இடது கண் தெரியாதுதானே?" என்றேன். மாமா எதுவும் சொல்லவில்லை. பேசாத மாமாவை இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. அதுவே பதில்.

எனக்குக் கோபம் இல்லை. பயம்தான். ராத்திரி விளக்கை அணைக்கப் பயமாக இருக்கிறது.

இருபத்தேழாம் தேதி வருகிறேன். வர வேண்டாம் என்று எழுதாதீர்கள். அந்தக் கடிதத்தைப் பிரிக்கமாட்டேன்.

உங்கள் மனைவி.


ஜூன் 27

மாமாவுக்கும் அக்காவுக்கும்,

அவர் நலம். நானும் நலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாமா எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அக்காவுக்குப் பாதி உயிர் போய்விடும். அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

பஸ் தாமதம். நேராக மைதானத்துக்குப் போனேன். நல்லவேளை மாமா, உங்களை வர வேண்டாம் என்று சொன்னேன். வந்திருந்தால் வேலியைத் தாண்டி உள்ளே இறங்கியிருப்பீர்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் இடம் கிடைத்தது. முதல் பாதி முழுக்க அவர் எதிர்க்கோடியில் இருந்தார். பச்சைச் சட்டை மட்டும் தெரிந்தது. அங்கே ஜனங்கள் எழும்பினால் நான் இங்கே பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் குடையோடு ஒரு பெரியவர். "ஏம்மா நடுங்குறே? நம்ம பூட்டு நிக்கிறான், ஒண்ணும் உள்ள போகாது" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறி எங்கள் பக்கமே வந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. இடது கம்பத்தைத் தொட்டார். நடுவில் வந்தார். மறுபடி போய்த் தொட்டார். பெரியவர் தன் கூட்டாளியிடம், "பாரு, ராசிக்குத் தொடுறான்" என்றார். புது ஆள் உண்மையிலேயே வாயைத் திறக்கவில்லை மாமா. நல்ல ஓட்டம், நல்ல கால், ஊமை போல ஆடுகிறான்.

தூறல் விழ ஆரம்பித்தது. ஆட்டம் முடியப் போகிற சமயம். எதிர் டீமில் ஒருவன் அவருக்கு இடது ஓரமாகப் பந்தைக் கொண்டு வந்தான். புது ஆள் வழுக்கி விழுந்தான். எதிராளி உதைத்தான். நான் எழுந்துவிட்டேன். "இடது, இடது" என்று கத்த வாயைத் திறந்தேன், காற்றுகூட வரவில்லை. அவர் நேராக மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. தலைகூடத் திரும்பவில்லை. பந்து அவரைத் தாண்டி, கம்பத்தை ஒட்டி வெளியே வந்து, எனக்கு முன்னால் இருந்த பலகையில் மோதியது. அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் திரும்பினார்.

பிறகு எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெரியவர் குடையைத் தூக்கிக்கொண்டு குதித்தார். "பாத்தியா! அசைஞ்சானா பாத்தியா! வெளிய போகும்னு அவனுக்குத் தெரியும்டா! என்னா கண்ணுடா அவனுக்கு!" உங்கள் தம்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஜனங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

ஒரு கோல்கூட விடாமல் ஆட்டம் முடிந்தது. கிளப் செயலாளர் என்னிடமே வந்து, "உங்க வீட்டுக்காரர் மாதிரி நெஞ்சழுத்தம் உள்ள ஆளை நான் பாத்ததே இல்லம்மா. நாளைக்குக் காலைல வரச் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார்.

பார்க்க வருகிறவர்களுக்கென்று கிளப்பில் ஒரு சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை. ஈரச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாமா எப்படி இருக்கிறார், அண்ணி எப்படி, மேனேஜர் சாப்பாட்டு டப்பா என்ன ஆனது என்றெல்லாம் கேட்டார். பதில் சொன்னேன். வெளியே பைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் சிரித்தபடி போனார்கள். அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கடைசில எல்லாரும் கைதட்டினாங்களே. எதுக்கு?"

மாமா, நாலு மாதமாக நீங்கள் சொல்லாததையும் நான் கேட்காததையும் அவரே அந்த ஒரு கேள்வியில் சொல்லிவிட்டார்.

"ஒரு பந்து வந்துச்சு. உங்க இடது பக்கமா. வெளிய போயிடுச்சு" என்றேன்.

"எவ்வளவு வெளிய?"

சொல்ல வாய் வரவில்லை. விரலை விரித்து ஒரு சாண் காட்டினேன். அவர் நேராகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இடது பக்கமாக உட்கார்ந்து காட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "காட்டுறியா? எங்க?" என்றார். கையை நீட்டித் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தார். இழுத்துத் தன் முகத்துக்கு நேரே வைத்து, அந்த ஒரு சாணை வெகு நேரம் பார்த்தார்.

பிறகு, "பெட்டி கட்டிலுக்கு அடியில இருக்கு. நீயே போய் எடுத்துட்டு வா. பசங்க முகத்தை என்னால பாக்க முடியாது" என்றார்.

காலையில் செயலாளரிடம் கையெழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் மொட்டையைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறோம். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நாங்களே வந்து நின்றாலும் நிற்போம். பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடக்க வேண்டும், அதை நினைத்தால்தான் இப்போதே திக்கென்கிறது. நீங்கள் நிறுத்தத்தில் வந்து நில்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி.